மூன்று நாள், 34 சைக்கிள், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் வேகமாக ஓடிவிடும். பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், பிள்ளைகள் விளையாடுவார்கள். இரண்டாவது மாதத்தில் வீட்டில் ஒருவர் கேட்பார்: “இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோமே, உருப்படியாக இதில் என்ன செய்யலாம்?” இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விடை இருக்கும். எனக்குக் கிடைத்த விடை சைக்கிள் பயணம்.

தென் சென்னையில் இயங்கும் ஒரு சிறிய சைக்கிள் குழுவில் நான் உறுப்பினர். ஞாயிறு காலைகளில் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுவோம். ஆண்டுக்கு ஒரு முறை ஜனவரியில், தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வரும் வாரமாகப் பார்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் போவோம். முதல் நாள் போவது, இரண்டாம் நாள் அங்கே சுற்றுவது, மூன்றாம் நாள் திரும்புவது. கடைசியாகச் சென்றபோது நாங்கள் 34 பேர். வயதில் சிறியவருக்கு 16, பெரியவருக்கு 63.

அதற்கு முந்தைய பயணத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் வழியில் பிரிந்துவிட்டார். அவர் இல்லை என்பதே மதிய உணவின்போதுதான் தெரிந்தது. அவருடைய மொபைலில் சார்ஜ் இல்லை. இரண்டரை மணி நேரம் தேடிய பிறகு, வெயிலில் சோர்ந்து ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த அவரைக் கண்டுபிடித்தோம். அடுத்த ஆண்டு பயணமே வேண்டாம் என்று சில பெற்றோர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் திட்டமிடும் பொறுப்பு என்னிடமும் என் வீட்டுக் கம்ப்யூட்டரிடமும் வந்தது. புதிய சாப்ட்வேர் எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை. ஒரு பிரவுசர், ஒரு ஒர்க்ஷீட் புரோகிராம், ஒரு பிரிண்டர் இவை போதுமானதாக இருந்தன. செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். சைக்கிள் பயணத்திற்கு மட்டுமல்ல, கோயில் பாதயாத்திரை, பள்ளிச் சுற்றுலா, குடும்பமாக வேனில் செல்லும் பயணம் என எதற்கும் இது பொருந்தும்.

பாதையை வரைதல்

முதல் வேலை, போகும் பாதையைக் கம்ப்யூட்டரில் வரைவது. ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து 2004 முதல் உருவாக்கிவரும் இலவச உலக வரைபடம். இந்த வரைபடத்தைப் பயன்படுத்திப் பாதை வரைந்து தரும் தளங்கள் நெட்டில் உள்ளன. பிரவுட்டர், ஜிபிஎக்ஸ் ஸ்டுடியோ ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இவற்றில் செயல்படும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

1. தளத்தைத் திறந்ததும் வரைபடம் கிடைக்கும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டி உங்கள் ஊரைப் பெரிதாக்கிக் கொள்ளவும்.

2. பயண வகை என்ற இடத்தில் கார் என்று இருந்தால் சைக்கிள் என மாற்றவும். இதை மறந்தால் மேம்பாலங்கள் வழியாகவும் விரைவுச் சாலை வழியாகவும் பாதை காட்டும்.

3. புறப்படும் இடத்தில் ஒரு கிளிக், சேரும் இடத்தில் ஒரு கிளிக். இரண்டையும் இணைத்து ஒரு கோடு உருவாகும்.

4. கோடு நீங்கள் விரும்பாத சாலையில் சென்றால், கோட்டின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்துச் சரியான சாலைக்கு இழுத்துவிடவும்.

5. முடிந்ததும் எக்ஸ்போர்ட் என்பதில் கிளிக் செய்து, ஜிபிஎக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கவும்.

எங்களுக்குக் கிடைத்த கணக்கு இது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 45 கி.மீ. அங்கிருந்து கல்பாக்கம் தாண்டி முதலியார்குப்பம் 36 கி.மீ. அடுத்து மரக்காணம் 24 கி.மீ. கடைசியாகப் புதுச்சேரி 35 கி.மீ. மொத்தம் 140 கி.மீ.

ஜிபிஎக்ஸ் பைல் என்பது என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். பைல் மீது ரைட் கிளிக் செய்து, ஓபன் வித் என்பதில் நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருப்பது வெறும் டெக்ஸ்ட்தான். வரிசையாகப் பல ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவை எண்களாகத் தரப்பட்டிருக்கும். 2002இல் உருவான இந்த வடிவம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல. அதனால்தான் கம்ப்யூட்டரில் வரைந்த பாதையை மொபைலிலும், சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தும் சிறிய ஜிபிஎஸ் கருவியிலும் திறக்க முடிகிறது.

இந்தப் பைலை மொபைலுக்கு மாற்றி, ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஆஃப்லைன் வரைபட அப்ளிகேஷனில் திறந்து கொள்ளலாம். தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிட வேண்டும். இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? செய்யும். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை வாங்கி இடத்தைக் கணிப்பது. அதற்கு சிம் கார்டும் வேண்டாம், இண்டர்நெட்டும் வேண்டாம். வரைபடப் படம் மட்டும்தான் வழக்கமாக நெட்டிலிருந்து வருகிறது. அதை முன்கூட்டியே இறக்கிவிட்டால் டேட்டாவை அணைத்து வைத்துக் கொண்டு பயணிக்கலாம். பேட்டரியும் கூடுதல் நேரம் வரும்.

கடலோரச் சாலையில் மலை எங்கிருந்து வந்தது?

பாதையை வரைந்ததும் கீழே ஒரு கிராப் கிடைக்கும். அது ஏற்ற இறக்கப் படம். எங்கள் பாதையில் மொத்த ஏற்றம் 600 மீட்டருக்கு மேல் என்று அது காட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், பாலங்களைத் தவிர அங்கே ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை.

காரணம் இதுதான். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. இலவச வரைபடங்கள் பலவற்றில் வரும் உயரக் கணக்கிற்கு இந்த அளவீடே அடிப்படை. ரேடார் அலை மரத்தின் உச்சியிலும் கட்டடத்தின் கூரையிலும் பட்டுத் திரும்பும். சவுக்குத் தோப்பு ஒரு சிறிய மேடு போலப் பதிவாகிவிடும். இப்படிப் பொய்யான சிறு மேடுகள் 140 கிலோமீட்டருக்கும் சேரும்போது ஒரு மலையே முளைத்துவிடுகிறது. சமவெளியில் இந்தக் கிராப்பைப் பொருட்படுத்த வேண்டாம். ஏலகிரி, ஏற்காடு போன்ற மலைப் பாதைகளுக்குத் திட்டமிடும்போது இது நன்றாகவே பயன்படும். அங்கே உண்மையான ஏற்றம் பெரியது என்பதால் சிறு பிழைகள் கணக்கைக் கெடுப்பதில்லை.

ஏற்றத்தைவிட எங்களுக்கு முக்கியமானது காற்று. ஜனவரியில் இந்தக் கடற்கரையில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். தெற்கே போகும்போது முதுகில் தள்ளும். வடக்கே திரும்பும்போது முகத்தில் அடிக்கும். இதனை எந்த உயரக் கிராப்பும் சொல்லாது. வானிலைத் தளங்களில் காற்றின் திசையையும் வேகத்தையும் மணிவாரியாகப் பார்த்துக் குறித்துக் கொள்ளலாம்.

நேர அட்டவணை: எக்ஸெல் செய்த உதவி

அடுத்து ஒர்க்ஷீட். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். நெட்டுவரிசைகளில் இடம், புறப்படும் நேரம், அடுத்த இடத்துக்குத் தூரம், வேகம், சேரும் நேரம் எனத் தலைப்புத் தரவும். முதல் வரிசையில் தலைப்புகள், இரண்டாவது வரிசையில் விவரங்கள் என்று கொள்வோம். ஏ2வில் இடம், பி2வில் புறப்படும் நேரம், சி2வில் கிலோமீட்டர், டி2வில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அமைத்த பின், இ2 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவை டைப் செய்து என்டர் தட்டவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும்.

=பி2+சி2/டி2/24

எதற்காக 24ஆல் வகுக்கிறோம்? எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்று கணக்கிடுகிறது. ஒரு மணி நேரம் என்பது 24இல் ஒரு பங்கு. காலை 5 மணிக்குப் புறப்பட்டு, 45 கிலோமீட்டரை 18 கி.மீ. வேகத்தில் கடந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். விடை 7.30 என்று வர வேண்டும். அதற்குப் பதிலாக 0.3125 என்று தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். அதுவும் ஏழரை மணிதான். அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டைம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். நேரம் சரியாகத் தெரியும்.

18 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர்களுக்குக் கிடைத்த அட்டவணை இதோ:

திருவான்மியூர்: புறப்பாடு காலை 5.00
மாமல்லபுரம்: 7.30. சிற்றுண்டி. புறப்பாடு 8.15
முதலியார்குப்பம்: 10.15. ஓய்வு. புறப்பாடு 10.45
மரக்காணம்: பகல் 12.05. உணவு. புறப்பாடு 12.50
புதுச்சேரி: பிற்பகல் 2.47

வேகம் என்ற செல்லில் உள்ள எண்ணை மட்டும் மாற்றினால் எல்லா நேரங்களும் தாமாக மாறும். ஒர்க்ஷீட்டின் பெரிய பயனே இதுதான். வேகத்தை 24 ஆக்கி, ஓய்வைக் குறைத்தபோது நண்பகல் 12 மணிக்கே புதுச்சேரி வந்தது. 14 ஆக்கி, ஓய்வுக்கு இரண்டரை மணி நேரம் கொடுத்தபோது மாலை 5.30 ஆனது. ஜனவரி கடைசியில் இந்தப் பகுதியில் சூரியன் மறைவது மாலை 6.10 வாக்கில். இடையில் இருப்பது 40 நிமிடம். இரண்டு பஞ்சர் ஆனால் போதும், களைத்துப்போன நிலையில் லாரிகளும் பஸ்களும் ஓடும் சாலையில் இருட்டில் ஓட்ட வேண்டிவரும்.

14 யாருடைய வேகம்?

எங்கள் குழுவின் 63 வயது உறுப்பினர் தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொடுத்தவர். அட்டவணையைப் பார்க்க ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். திரையை நெருங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, 14ன்னு போட்டிருக்கே, அது யாரு?”

“நீங்களும் இன்னும் எட்டுப் பேரும் சார். மூணு ஞாயிறா எழுதி வச்ச சராசரி அது.”

“நான் ஓட்டி முடிச்சிருவேன்.”

“முடிச்சிருவீங்க சார். எத்தனை மணிக்குன்னுதான் பாக்கணும்.”

சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வேகச் செல்லில் 15, 16 என்று மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஓய்வு நேரத்தைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். முந்தைய நாள் மாலையே சைக்கிள்களை டெம்போவில் ஏற்றி மாமல்லபுரம் போய்த் தங்குவது, காலை 6 மணிக்கு அங்கிருந்து புறப்படுவது. 95 கிலோமீட்டர், 14 கி.மீ. வேகம், இரண்டேகால் மணி நேர ஓய்வு. விடை பிற்பகல் 3 மணி. வெளிச்சம் இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.

“சரி தம்பி, அப்படியே வச்சுக்குங்க. ஆனா பஸ்ல வந்தவங்கன்னு எங்களுக்குப் பேரு வச்சிராதீங்க” என்றார். அதனால் குழுக்களுக்கு வேகத்தைச் சொல்லிப் பெயர் வைக்கவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மட்டும் பிரித்தோம்.

அன்று அவர் ஒர்க்ஷீட்டில் இன்னொரு நெட்டுவரிசையும் சேர்க்கச் சொன்னார். அதன் தலைப்பு ‘நிழல்’. மரக்காணத்தை நெருங்கும்போது சாலையின் அருகே உப்பளங்கள் விரிந்து கிடக்கும். அங்கே நிற்க நிழல் அரிது. மஞ்சள் குழு அந்த இடத்தைக் கடப்பது உச்சி வெயிலில். உப்பளம் வருவதற்கு முன்பாகவே எல்லோரும் தண்ணீர் நிரப்பிக் கொள்ள ஒரு கூடுதல் நிறுத்தம் வைத்தோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் பணி அண்மை ஆண்டுகளில் தொடங்கியது. அங்கே மாற்றுப் பாதைகளும் ஜல்லி கொட்டிய இடங்களும் வரைபடத்தில் உடனுக்குடன் வருவதில்லை. இருவர் ஒரு வாரம் முன்பே பைக்கில் போய்ப் பார்த்து வந்து சொன்னவற்றை ‘கவனம்’ என்ற நெட்டுவரிசையில் சேர்த்தோம். தூரத்தையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் சொல்லும். நிழலையும் ஜல்லியையும் போய்ப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

உறுப்பினர் பட்டியல்

இன்னொரு ஷீட்டில் 34 பேரின் பெயர், குழு, ரத்த வகை, வீட்டில் உள்ள ஒருவரின் எண், சர்க்கரை நோய், ஆஸ்துமா போன்ற விவரங்களைப் பதிந்தோம். இங்கே மூன்று குறிப்புகள்:

* போன் எண்களை டைப் செய்வதற்கு முன் அந்த நெட்டுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டெக்ஸ்ட் என அமைத்திடவும். இல்லையெனில் 0இல் தொடங்கும் எண்களில் அந்த முதல் 0 காணாமல் போய்விடும்.

* இது பிறருடைய மருத்துவத் தகவல். பைலுக்குப் பாஸ்வேர்ட் கொடுக்கவும். எக்ஸெல் தொகுப்பில் பைல் மெனுவில் இன்ஃபோ சென்று, புரொடெக்ட் ஒர்க்புக் என்பதில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுக்கலாம். பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

* பயணம் முடிந்ததும் பைலை அழித்துவிடவும். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திடவும்.

சட்டைப் பையில் ஒரு அட்டை

நாங்கள் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது மிகவும் எளிமையான ஒன்று. ஒரு ஏ4 தாளில் நான்கு அட்டைகள் வருமாறு வேர்டில் டேபிள் அமைத்தோம். ஒவ்வொரு அட்டையிலும் நிறுத்தங்களின் பெயர், தூரம், அந்தக் குழு அங்கே சேரும் நேரம், கடைசி நேரம், இரண்டு போன் எண்கள். எழுத்தின் அளவு 14. ஓட்டிக்கொண்டே படிப்பதற்காக அல்ல. நிறுத்திப் பார்க்கும்போது கண்ணாடி இல்லாமலேயே படிக்க முடிய வேண்டும் என்பதற்காக.

அச்சிடுவதற்கு முன் பிரிண்ட் பிரிவியூ பார்த்துக் கொள்ளவும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாள் வியர்வை பட்டால் எழுத்து கரைந்துவிடும். லேசர் பிரிண்ட் எடுங்கள். அல்லது ஒரு பிரதி எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள். மேலே செலோ டேப் ஒட்டினால் மூன்று நாளும் தாங்கும்.

‘கடைசி நேரம்’ என்பது முக்கியம். ஒவ்வொரு குழுவிலும் முன்னே செல்பவர் ஒருவர், எல்லோருக்கும் பின்னால் வருபவர் ஒருவர் உண்டு. பின்னால் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. நிறுத்தத்தில் தலை எண்ணுவோம். அட்டையில் உள்ள கடைசி நேரம் கடந்தும் ஒருவர் குறைந்தால், காத்திருக்காமல் தேடத் தொடங்க வேண்டும். இதுதான் விதி.

சாலையில் நடந்தது

முதல் நாள் அட்டவணை ஏறத்தாழ அப்படியே நடந்தது. வடகிழக்குக் காற்று தள்ள, மஞ்சள் குழு 15 நிமிடம் முன்னதாகவே புதுச்சேரி சேர்ந்தது. காற்றை எதிர்த்து ஓட்டும்போது ஒருவர் பின்னால் ஒருவராகச் செல்வதன் அருமை தெரியும். முன்னே இருப்பவர் காற்றைக் கிழித்துக் கொண்டு போவதால் பின்னால் வருபவருக்குக் கணிசமான உழைப்பு மிச்சமாகும். அதனால் முன்னே செல்பவரைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்றிக் கொள்வோம்.

இரண்டாம் நாள் மூன்று பயணங்கள். சிவப்புக் குழு செஞ்சிக்குச் சென்றது. போக வர சுமார் 140 கி.மீ. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 இடம்பெற்றன. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி மட்டுமே. பச்சைக் குழு ஊசுட்டேரி வரை சென்று பறவைகளைப் பார்த்துவிட்டு, மாலையில் அரிக்கமேடு போய் வந்தது. நான் இருந்த மஞ்சள் குழு திருவக்கரைக்குப் புறப்பட்டது. சுமார் 30 கி.மீ. தூரம். அங்கே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையின் வரிகள்கூட அப்படியே தெரியும். அருகில் சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் வக்ரகாளியம்மன் சன்னதியும் உள்ளன.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை எங்கள் நிறுத்தம். சேர வேண்டிய நேரம் 11.00, கடைசி நேரம் 11.20. எண்ணியபோது 14 பேரில் 11 பேர்தான் இருந்தோம். எங்களில் ஒருவருக்கு வழியில் செயின் கழன்றதால், பின்னால் வருபவர் அவருக்கு உதவ நின்றிருந்தார். அந்த நேரத்தில் கோயிலிலிருந்து தாமதமாகக் கிளம்பிய மூவர், பிரதான சாலையில் புதுச்சேரி பக்கம் திரும்புவதற்குப் பதிலாக மயிலம் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர்களில் இருவர் பள்ளி மாணவர்கள். ஒரு மொபைலில் சிக்னல் இல்லை, ஒன்றில் சார்ஜ் இல்லை, மூன்றாவது தங்கும் இடத்தில் சார்ஜரோடு கிடந்தது.

11.20க்கு இருவர் வந்த வழியே திரும்பிச் சென்றார்கள். 11.35க்குத் தெரியாத எண்ணிலிருந்து என் மொபைலுக்கு அழைப்பு வந்தது. ஒரு பெட்டிக்கடைக்காரரின் போன். டீக்கடை நிறுத்தம் 10 கிலோமீட்டரில் வர வேண்டும் என்று அட்டையில் இருந்தது. சைக்கிளில் இருந்த மீட்டர் 13 காட்டியும் கடை வரவில்லை. உடனே நின்று, அட்டையில் இருந்த எண்ணைக் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறார்கள். பகல் 12.15க்கு 14 பேரும் ஒன்றாக டீ குடித்தோம். முந்தைய ஆண்டு இரண்டரை மணி நேரம் ஆன தேடல், இந்த முறை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதைவிட முக்கியம், பையன்கள் இருவரும் வெயிலில் அலையவில்லை, பயப்படவும் இல்லை.

மூன்றாம் நாள் எதிர்க்காற்று. 18 கி.மீ. வேகத்தில் 5 மணி 17 நிமிடத்தில் முடியக் கூடிய 95 கிலோமீட்டர், 15 கி.மீ. வேகத்தில் 6 மணி 20 நிமிடம் ஆகும் என்று முன்பே கணக்கிட்டிருந்தோம். அதனால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் மாமல்லபுரம் வரை ஓட்டுவது, மற்றவர்கள் மரக்காணம் வரை ஓட்டி அங்கிருந்து டெம்போவில் சைக்கிளை ஏற்றுவது என ஏற்பாடு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி அந்தப் பக்கம்தான். டெம்போவில் ஏறியவர்களுக்குப் பறவைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. பெரியவர் டெம்போவில் ஏறவில்லை. முதல் நாள் மிச்சம் பிடித்த பலத்தோடு மாமல்லபுரம் வரை ஓட்டியே வந்தார்.

வீடு திரும்பிய பின்

பயணம் முடிந்த பிறகும் கம்ப்யூட்டருக்கு வேலை இருக்கிறது.

செலவுக் கணக்கு: யார் எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒரு வரிசைக்கு ஒரு செலவாக எழுதி வாருங்கள். சம்இஃப் என்ற பங்ஷனைப் பயன்படுத்தினால் ஒவ்வொருவரும் செலவழித்த மொத்தத் தொகை கிடைக்கும். மொத்தச் செலவை 34ஆல் வகுத்து ஒப்பிட்டால் யார் யாருக்குத் தர வேண்டும் என்பது தெரிந்துவிடும். நட்பு கெடாமல் இருக்க இதைவிட நல்ல பங்ஷன் கிடையாது.

போட்டோக்கள்: பல பேரின் மொபைலிலிருந்து வரும் படங்களை நாளுக்கு ஒரு போல்டராகப் பிரிக்கவும. போல்டரில் டேட் டேக்கன் என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தினால், யார் எடுத்திருந்தாலும் நேரப்படி அமையும். தனிக் கேமரா கொண்டு வருபவர்கள் புறப்படும் முன் அதில் உள்ள கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ள வேண்டும். ஒரு பிரதியை வெளியே உள்ள ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைக்கவும்.

தனிப்பட்ட தகவல்: மொபைலில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். நீங்கள் ஓட்டிய பாதையின் ஜிபிஎக்ஸ் பைல் உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடியும். இவற்றை எல்லோரும் பார்க்கும்படி நெட்டில் ஏற்றுவதற்கு முன், பாதையின் முதல் கிலோமீட்டரையும் கடைசிக் கிலோமீட்டரையும் வெட்டிவிடுங்கள். பாதை வரைய உதவிய தளத்திலேயே இதற்கும் வசதி இருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு: இந்த ஆண்டின் ஒர்க்ஷீட்டை அழிக்க வேண்டாம். உண்மையில் சேர்ந்த நேரங்களை இன்னொரு நெட்டுவரிசையில் எழுதி வைத்தால், அடுத்த திட்டம் பாதி முடிந்தது போலத்தான். மருத்துவ விவரம் உள்ள பட்டியலை மட்டும் அழித்தால் போதும்.

உங்கள் பகுதியிலும் நாலு பேர் சேர்ந்து எங்காவது போகும் பழக்கம் இருக்கும். அடுத்த முறை புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாகக் கம்ப்யூட்டரைத் திறந்து பாதையை வரையுங்கள். அட்டவணையைப் போடுங்கள். அந்த வழியில் முன்பு போன பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்துங்கள். பிறகு பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். மொபைல் அணைந்து போனாலும் சட்டைப் பையில் இருக்கும் அட்டை அணையாது.